எட்டாம் ஷீட்டின் முப்பத்தொன்று

படங்களைக் கடைசித் தாளிலிருந்து முதல் தாளை நோக்கிச் சரிபார்ப்பதே கமலவல்லியின் வழக்கம். முன்னிருந்து பார்த்தால் கண் தனக்குப் பழகியதை எதிர்பார்த்துக்கொண்டு வழுக்கி ஓடிவிடும். பின்னிருந்து வந்தால் ஒவ்வோர் எண்ணின் முன்னும் நின்று அதன் ஊரையும் பேரையும் விசாரித்துத்தான் நகர வேண்டும். திருவெறும்பூரில், தஞ்சாவூர்ச் சாலையைப் பார்த்த ஒரு மாடியில் இயங்கிய அந்த வரைபட அலுவலகத்தில் பதினாறு ஆண்டுகளாக அவள்தான் செக்கர். அவள் சிவப்புப் பென்சிலைச் சீவத் தொடங்கியதும், "பாராயணம் ஆரம்பம், எல்லாரும் செல்போனை அமத்துங்க" என்று படம் வரையும் இம்தியாஸ் அறிவிப்பான்.

அவன் சொன்னது கேலிதான், ஆனால் பொய்யில்லை. ஸ்ரீரங்கத்தில் பிறந்து ஸ்ரீரங்கத்திலேயே வாழ்க்கைப்பட்ட கமலவல்லிக்குப் பாசுரங்கள் மூச்சோடு கலந்தவை. காலை பஸ் காவிரிப் பாலம் ஏறும்போது ஒரு பதிகத்தைத் தொடங்கினால், பால்பண்ணை தாண்டுவதற்குள் பலன் சொல்லும் பதினோராம் பாட்டுக்கு வந்துவிடுவாள். கோயிலில் ஓதும் கோஷ்டி இரண்டாகப் பிரிந்து நின்று, ஒரு பக்கம் ஓரடியைச் சொல்ல மறுபக்கம் அடுத்த அடியை ஏற்றுச் சொல்வதைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவள். அந்த முறையையே அலுவலகத்துக்கும் கொண்டு வந்திருந்தாள். படத்தில் உள்ள எண்ணை அவள் உரக்கச் சொல்வாள். பட்டியலைப் பார்த்து அந்த எண்ணுக்கு உரிய பொருளை மற்றொருவர் சொல்ல வேண்டும். சொன்ன பொருளும் படத்தில் காணும் பொருளும் ஒன்றானால் மஞ்சள் தீற்றல் விழும். இல்லையென்றால் சிவப்பு.

அந்த வெள்ளிக்கிழமை அவள் முன் விரிந்து கிடந்தவை ஒன்பது ஷீட்டுகள்; ரிவிஷன் இரண்டு, அதாவது இரண்டாம் முறையாகத் திருத்தியவை. கிரேன் கொக்கியில் மாட்டி நாற்பது டன் எடையைத் தூக்கும் லிஃப்டிங் பீம் ஒன்றின் படங்கள். கடலோரத்து மின்நிலையம் ஒன்று கேட்டிருந்தது. முதல் ஷீட்டின் வலப்பக்கம் பார்ட்ஸ் லிஸ்ட்: ஒன்று முதல் அறுபத்தைந்து வரை எண்ணிட்டு, எந்தப் பாகம், எந்த உலோகம், எத்தனை என்று சொல்லும் பட்டியல். மற்ற எட்டு ஷீட்டிலும் பீமின் ஒவ்வொரு மூலையும் பெரிதாக வரையப்பட்டு, ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒரு மெல்லிய கோடு கிளம்பி ஒரு வட்டத்தில் முடியும். வட்டத்துக்குள் எண். பலூன் என்பார்கள் அதை. பட்டறையில் பீமைப் பூட்டுகிறவருக்கு அந்த எண்தான் வேதவாக்கு. எண்ணைப் பார்ப்பார், அந்த எண் கட்டிய பாகத்தைத் தேடி எடுப்பார், மாட்டுவார்.

"ஒன்பதாம் ஷீட். நாற்பத்துநாலு" என்றாள் கமலவல்லி.

"வாஷர்" என்றான் இம்தியாஸ், தன் திரையில் பட்டியலைப் பார்த்தபடி.

"படத்துல நட்."

"நட்டா? வாஷர்ங்கிறேன், நட்டுங்கிறீங்க. காலையிலேயே சண்டையா மாமி?"

அவள் சிவப்பு வட்டமிட்டாள். அடுத்ததும் சிவப்பு. அதற்கடுத்ததும். ஷீட் எட்டுக்கு வந்தபோது இம்தியாஸின் குரலில் கேலி வற்றியிருந்தது.

"எட்டாம் ஷீட். முப்பத்தொன்று."

"டிரான்ஸ்போர்ட் பின்."

கமலவல்லியின் பென்சில் தாளைத் தொடவில்லை. "மறுபடி சொல்லுங்க."

"முப்பத்தொண்ணு. டிரான்ஸ்போர்ட் பின். மைல்டு ஸ்டீல். எண்ணிக்கை ரெண்டு."

அந்தப் பலூனின் கோடு தொட்டுக்கொண்டிருந்த இடமோ, பீமின் கொக்கிக் கை தொங்கும் துளை. நாற்பது டன்னும் அந்தத் துளையில் புகுந்த பின்னின் மேல்தான் உட்காரும். அங்கே இருக்க வேண்டியது லோடு பின். வெப்பத்தில் பதப்படுத்திய அலாய் ஸ்டீல். டிரான்ஸ்போர்ட் பின் என்பது லாரியில் போகும்போது கை ஆடாமலிருக்கச் சும்மா செருகிவைக்கும் இரும்புக் கட்டை. போய்ச் சேர்ந்ததும் பிடுங்கி எறிவார்கள். இரண்டும் ஒரே துளைக்குரியவை என்பதால் இரண்டுக்கும் ஒரே தடிமன், எண்பது மில்லிமீட்டர். எதை வைத்தாலும் சரியாகப் புகும்.

இம்தியாஸ் எழுந்து வந்து தாளைப் பார்த்தான். பிறகு தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டான்.

"இது என் பாவம் மாமி. போன ரிவிஷன்ல ஏழு, எட்டு, ஒன்பது மூணு ஷீட்லயும் பலூனுங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னுச்சு. அன்னைக்கே அனுப்பணும்னாங்க. லிஸ்ட்டோட இருந்த லிங்க்கை உடைச்சு, வெறும் எழுத்தா மாத்தி நகர்த்தி வெச்சேன். அப்புறம் திருப்பிக் கோக்க மறந்துட்டேன்."

"உடைச்சாலும் எண் அப்ப சரியாத்தானே இருந்தது? இப்ப எப்படி ஒவ்வொண்ணா நகர்ந்தது?"

"நான் அக்கா பொண்ணு நிக்காஹ்வுக்கு லீவுல இருந்தப்ப மார்ட்டின் சார் லிஸ்ட்டுல புதுசா ஒரு லாக் பிளேட்டைச் சேர்த்திருக்காரு." திரையில் விரலை வைத்துக் காட்டினான். "நடுவுல. பதினெட்டுல."

கமலவல்லிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பதினெட்டாம் இடத்தில் புதிதாக ஒன்று நுழைந்ததும் அதன் பின்னிருந்தவை எல்லாம் ஓரெண் தள்ளி உட்கார்ந்துவிட்டன. கோத்திருந்த ஷீட்டுகளில் பலூன்களும் தாமே மாறிக்கொண்டன. உடைபட்ட மூன்று ஷீட்டுகளில் மட்டும் பழைய எண்களே நின்றன. நேற்றுவரை முப்பத்தொன்று லோடு பின். இன்று அது டிரான்ஸ்போர்ட் பின். லோடு பின் முப்பத்திரண்டாகிவிட்டதை எட்டாம் ஷீட் அறியாது.

அவள் தாளைச் சுருட்டிக்கொண்டு மேலாளரின் கண்ணாடி அறைக்குள் போனாள். மார்ட்டின் இரண்டு போன்களுக்கு நடுவில் இருந்தார். அவரும் ஒரு காலத்தில் இதே அலுவலகத்தில் படம் வரைந்தவர்தான். மேலாளரான பிறகு தேதிகளை மட்டுமே வரைந்துகொண்டிருந்தார்.

"சார், லாக் பிளேட்டைப் பதினெட்டுல சேர்த்திருக்கீங்க."

"ஆமா. பிளேட்டெல்லாம் ஒரே இடத்துல இருந்தா கிளையண்டுக்குப் பிடிக்கும்."

"புதுசா வர்றதைக் கடைசியிலதான் சேர்க்கணும். நீங்களே போட்ட விதி அது."

"நானே போட்டேன், நானே மாத்தினேன். நம்பர் தானா மாறிக்கும் மேடம், அதுக்குத்தானே சாஃப்ட்வேர்?"

"ஆறு ஷீட்ல மாறியிருக்கு. மூணுல மாறலை. எட்டாம் ஷீட்ல லோடு பின் இடத்துல டிரான்ஸ்போர்ட் பின் நம்பர் நிக்குது."

அவர் தாளைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "எத்தனை பலூன் திருத்தணும்?"

"மூணு ஷீட்லயும் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு. இம்தியாஸ் கோக்கணும், நான் பார்க்கணும். சாயங்காலம் ஆயிடும்."

"சாயங்காலமா? பட்டறையில ஆள் காத்துக்கிட்டிருக்கு. நாளைக்குக் காலையில லோடு டெஸ்ட்." அவர் சற்று யோசித்து, முகம் தெளிந்தவராக நிமிர்ந்தார். "ஒண்ணு பண்ணுங்க. முதல் ஷீட்ல ஒரு நோட் போடுங்க. படத்துக்கும் லிஸ்ட்டுக்கும் முரண்பாடு வந்தா லிஸ்ட்டே இறுதின்னு. கையெழுத்துப் போட்டு அனுப்பிடலாம்."

"முரண்பாடுன்னு ஃபிட்டருக்கு எப்படித் தெரியும் சார்? பலூன் முப்பத்தொண்ணுங்குது. லிஸ்ட்ல முப்பத்தொண்ணு ஒரு பின். துளையில வெச்சா கச்சிதமா உட்காருது. அவருக்கு எங்க முரண்பாடு?"

மார்ட்டின் பேனா மூடியைக் கழற்றி மூடினார். "உங்ககிட்ட ஒவ்வொரு தடவையும் இதே வழக்கு மேடம்."

"ஒவ்வொரு தடவையும் இதே வேலைதானே சார்."

"சரி, போங்க. நான் பாத்துக்கறேன்."

அந்தச் சொல்லை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். இம்தியாஸ் கோக்கத் தொடங்கினான். ஒன்பதாம் ஷீட் முடிந்தபோது மணி பன்னிரண்டரை; அவன் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினான். "எட்டைத் தொடாதீங்க மாமி, வந்து நானே தவ்பா செஞ்சு பாவத்தைக் கழுவறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். கமலவல்லி தயிர்சாதத்தைத் திறந்தாள்.

மூன்று மணிக்கு மேஜைப் போன் அடித்தது. பட்டறையிலிருந்து வீரமலை. பூட்டும் பிரிவின் ஃபோர்மேன்; லால்குடிப் பக்கத்து மனிதர்; வயல்வெளியில் கூப்பிட்டுப் பழகிய குரல், போனைக் காதிலிருந்து அரையடி தள்ளி வைத்தாலும் கேட்கும்.

"மேடம்! நட்டு, வாஷர் நம்பரெல்லாம் முன்னப்பின்ன இருந்துச்சு, பாத்து மாட்டியாச்சு. ரெண்டு பின்னு மட்டும் மிச்சம் நிக்குது, பளபளன்னு. முப்பத்திரண்டுன்னு டேக் கட்டியிருக்கு. படத்துல முப்பத்திரண்டு காட்டுற இடத்துல ஒரு போல்ட்டுதான் போகும். இதை எங்க மாட்டுறது? உங்க படத்துல இதுக்கு வீடே இல்லையே!"

"எந்தப் படத்துல?" என்றாள் கமலவல்லி.

"நீங்க செக் பண்ணி மத்தியானம் அனுப்புனதுதான். ரிவிஷன் ரெண்டு."

அவள் போனை வைத்துவிட்டு, வெளியிட்ட படங்களுக்கான கோப்பைத் திறந்தாள். ஒன்பது ஷீட்டுகள். பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு அனுப்பப்பட்டிருந்தன. பட்டறைக்கு ஒன்று, கிளையண்டுக்கு ஒன்று. இம்தியாஸ் திருத்தியவை அல்ல, காலையில் கிடந்த அதே பழையவை. ஒவ்வொன்றின் கீழ்மூலையிலும், சரிபார்த்தவர் என்ற கட்டத்தில், அச்சாகியிருந்தது: கே.வி. அவளுடைய பெயரின் முதலெழுத்துகள். இன்றைய தேதி.

கையெழுத்து என்பது கமலவல்லிக்கு ஒருநாளும் சடங்காக இருந்ததில்லை. பதிகம் பாடியவர் பத்துப் பாட்டும் நிறைந்த பிறகே பதினோராம் பாட்டில் தம் பெயரையும் ஊரையும் வைப்பார். இவை இன்னார் சொன்னவை, இத்தனை என்று எண்ணையும் சொல்லிவைப்பார். அந்தப் பெயரை நம்பித்தான் பின்னால் வந்தவர்கள் ஓர் எழுத்தும் மாற்றாமல் ஓதினார்கள். எவரோ எழுதியதை நடுவில் நுழைத்து, அடியில் பாடியவர் பெயரை நிறுத்துவதற்கு இடைச்செருகல் என்று பெயர். ஏட்டுச்சுவடிக் காலத்தில் அதனால் ஒரு பாடல் கெடும். இங்கே கீழே ஆள் நிற்பார்கள்.

மார்ட்டினின் அறை காலியாக இருந்தது. கமலவல்லி சிவப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல், படியிறங்கி ஓர் ஆட்டோவைக் கை காட்டினாள்.

ரயில்வே கேட்டுக்கு அப்பால் தகரக் கூரையின் கீழ் இருந்தது பட்டறை. நடுவில், மரக்கட்டைகளின் மேல், பெயிண்ட் உலராத மஞ்சள் நிறத்தில் பீம் கிடந்தது. எதிரே சோதனை எடைகள் அடுக்கியிருந்தன. நாற்பது டன் தூக்க வேண்டியதை ஐம்பது டன் கட்டிச் சோதிப்பார்கள். வீரமலை அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஸ்டோர் வாசலில் பாகங்களுக்கு எண் அட்டை கட்டிக்கொண்டிருந்த பாப்பாயியும் எழுந்தாள்.

"அந்தப் பின்னுக்கு நானா பொறுப்பு?" என்று பாப்பாயி முந்திக்கொண்டாள். "லிஸ்ட்டுல என்ன இருக்கோ அதைத்தான் கட்டுனேன். முப்பத்திரண்டுன்னா முப்பத்திரண்டு. இந்தாளு என்னைக் கண்ணு தெரியாதவங்கிறாரு."

"நான் எங்க சொன்னேன்? கண்ணாடி போடுன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"நீங்க கட்டினது சரி" என்றாள் கமலவல்லி. "எட்டாம் ஷீட்டை எடுத்துட்டு வாங்க. அந்தத் துளையில என்ன மாட்டியிருக்கீங்க?"

வீரமலை பீமின் கைப்பக்கம் குனிந்து, துளையில் புகுந்திருந்த பின்னின் தலையை விரலால் தட்டினார். "முப்பத்தொண்ணு. ஜம்முனு உட்கார்ந்துச்சு."

"அது லாரிக்குச் செருகற கட்டை. மிச்சம் நிக்கிற பளபளப்புதான் எடை தாங்கற பின். நாளைக்கு ஐம்பது டன் ஏத்தினா இது வெண்டைக்காய் மாதிரி மடியும்."

வெல்டிங் பிடித்துக்கொண்டிருந்தவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார். வீரமலை துளையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி துளையைப் பார்த்தார்.

"நாளைக்கு டெஸ்ட்டுல அந்தக் கைக்குக் கீழ நிக்கப்போறது நானு" என்றார். அவர் குரல் முதன்முதலாகத் தாழ்ந்திருந்தது.

"கழட்டுங்க."

"கழட்டிருவேன் மேடம். ஆனா பேப்பர் இதைத்தானே சொல்லுது? பேப்பருக்கு மாறா ஏன் செஞ்சேன்னு நாளைக்கு என்னைத்தான் நிக்கவெச்சுக் கேப்பாங்க. வாய்ச்சொல்லுக்கு இங்க மதிப்பில்ல."

நியாயமான கேள்வி. கமலவல்லி ஒன்பது ஷீட்டுகளையும் வாங்கி, வேலை மேஜையின் மேல் விரித்தாள். ஒன்பதிலும் தன் பெயர் இருந்த கட்டத்தைச் சிவப்பால் அடித்தாள். எட்டாம் ஷீட்டின் நெற்றியில், தள்ளி நின்றாலும் படிக்கும்படி, பெரிய எழுத்தில் எழுதினாள்: இந்தப் படங்களை நான் சரிபார்க்கவில்லை. ஷீட் 7, 8, 9 பலூன் எண்கள் தவறு. லோடு பின் எண் 32. திருத்திய படம் வரும்வரை பூட்ட வேண்டாம், சோதிக்க வேண்டாம். கீழே முழுப் பெயரையும், நேரத்தையும் இட்டாள்.

பாப்பாயி எட்டிப் படித்தாள். "ஆத்தாடி. இதுக்கு உங்க வேலை போயிறாதா?"

"என் வேலையே இதுதான் பாப்பாயி. போனா இதோட போகட்டும்."

ஸ்பேனர்கள் எழுந்தன. அந்தக் கட்டைப் பின் பாதி வெளிவந்திருந்தபோது வாசலில் கார் நின்றது. மார்ட்டின் இறங்கிய வேகத்திலேயே கத்திக்கொண்டு வந்தார்.

"யாரைக் கேட்டுக் கழட்டுறீங்க வீரமலை? மேடம், உங்களுக்குப் பட்டறையில என்ன வேலை?"

"என் பேர் இங்க வந்திருந்தது சார். எனக்குச் சொல்லாம வந்திருந்தது. கூட்டிட்டுப் போக வந்தேன்."

எவரோ சிரித்து அடக்கினார்கள். மார்ட்டின் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பின் முழுவதும் உருவப்பட்டு, மரக்கட்டை மேல் விழுந்து உருண்டு, அவர் காலடியில் நின்றது. வீரமலை மிச்சம் நின்ற பளபளப்புப் பின் ஒன்றையும் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார். ஒன்று மங்கிய இரும்பு. ஒன்று நீலமோடிய எஃகு. வரைபடக்காரராக இருந்த காலத்துக் கண் மார்ட்டினுக்கு இன்னும் இருந்தது. குனிந்து தொட்டார். எட்டாம் ஷீட்டைப் பார்த்தார்.

"அதை எடுத்து ஓரமா வைங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு கமலவல்லியிடம், "வண்டியில ஏறுங்க" என்றார்.

"ஆட்டோ நிக்குது சார்."

அலுவலகத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது இம்தியாஸ் எட்டாம் ஷீட்டையும் ஏழாம் ஷீட்டையும் கோத்து முடித்திருந்தான். இருவரும் உட்கார்ந்து மூன்று ஷீட்டையும் எண் எண்ணாகச் சொல்லிச் சரிபார்த்தார்கள். நூற்றுப் பன்னிரண்டும் மஞ்சளாயின. மணி ஆறு. மார்ட்டின் நாற்காலியை இழுத்து அவள் மேஜைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். குரல் இப்போது இதமாக இருந்தது.

"மேடம், தப்பைப் புடிச்சீங்க, ஒத்துக்கறேன். இப்ப ஒரு சின்ன உதவி. இதையும் ரிவிஷன் ரெண்டுன்னே அனுப்பிடலாம். அதே நம்பர், அதே தேதி. பட்டறையில இருக்கிற சிவப்புக் கோடு போட்டதை வாங்கிக் கிழிச்சிடறேன். கிளையண்டுக்கு மெயில்ல மாத்தி அனுப்பி, ஃபைல் சரியா ஏறலைன்னு சொல்லிக்கறேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

"மத்தியானம் போனதும் ரிவிஷன் ரெண்டு, இப்பப் போறதும் ரிவிஷன் ரெண்டா?"

"யாருக்குத் தெரியப்போகுது?"

"அதுதான் சார் பயமே. அங்கே லாரியிலேர்ந்து இறக்கி, கட்டையைப் பிடுங்கிட்டு லோடு பின்னை மறுபடி மாட்டுவாங்க. அந்த ஆள் கையில எந்த ரெண்டு இருக்கும்? நல்ல ரெண்டா, கெட்ட ரெண்டா?"

"ரிவிஷன் மூணுன்னு ஏத்தினா, என்ன தப்பு, ஏன் தப்புன்னு ஊரெல்லாம் கேக்கும். டெஸ்ட்டை நிறுத்துவாங்க. தேதி போயிடும். அப்புறம் இந்த ஆபீஸுக்கு அவங்க படமே தர மாட்டாங்க."

"கேட்கட்டும். சொல்றதுக்குப் பதில் இருக்கே."

மார்ட்டின் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன் வைத்தார். "அப்படின்னா ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க. உங்க மனசாட்சிக்கும் என் ஆபீஸுக்கும் ஒத்துவரலை."

"எழுத மாட்டேன் சார். அனுப்பறதுன்னா நீங்க எழுதி அனுப்புங்க. காரணம்னு இருக்கிற இடத்துல உள்ளதை உள்ளபடி எழுதுங்க. இன்னைக்கு நான் எழுதப்போறது ஒரே ஒரு வரி."

திரையை இழுத்து, முதல் ஷீட்டின் மேல்மூலையில் ரிவிஷன் கட்டத்தைத் திறந்தாள். மூன்று என்று இட்டாள். அதன் எதிரே எழுதினாள்: ஷீட் 7, 8, 9இல் பலூன் எண்கள் பார்ட்ஸ் லிஸ்ட்டுடன் பொருந்தாதிருந்தன, திருத்தப்பட்டன. ரிவிஷன் 2ஐ அழிக்கவும். சரிபார்த்தவர் கட்டத்தில் தன் பெயரைத் தானே தட்டச்சு செய்தாள்.

"வரைஞ்சவர் கட்டத்துல என் பேரைப் போடுங்க மாமி" என்றான் இம்தியாஸ். "உடைச்சது நான். சார் என்னை அனுப்புறதுன்னாலும் ரெண்டு பேரையும் ஒரே லெட்டர்ல அனுப்பட்டும், பேப்பர் மிச்சம்."

வெளியிடும் பொத்தானுக்கு மேலாளரின் கடவுச்சொல் வேண்டும். கமலவல்லி விசைப்பலகையை மார்ட்டினை நோக்கித் தள்ளினாள்.

"நான் போடலைன்னா?"

"கிளையண்டோட நம்பர் ஒவ்வொரு ஷீட்லயும் அச்சாகியிருக்கு சார். எனக்குப் போன் பண்ணத் தெரியும்."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே தஞ்சாவூர்ச் சாலையில் ஷிஃப்ட் முடிந்த பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. திரும்பி வந்தார். நின்றபடியே, ஒரே விரலால், ஒவ்வோர் எழுத்தாகக் கடவுச்சொல்லைத் தட்டினார். திரையில் ஒன்பது ஷீட்டுகளும் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின.

பத்து நிமிஷத்தில் அவருடைய போன் அலறியது. கிளையண்டின் தள இன்ஜினியர் பானுப்ரியா. மார்ட்டின் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டார். நீயே பதில் சொல் என்பது அதன் பொருள்.

"என்ன விளையாட்டு இது?" என்றது போன். "மத்தியானம் ரெண்டு அனுப்புறீங்க, சாயங்காலம் மூணு வருது, ரெண்டை அழிங்கறீங்க. நான் ரெண்டைப் பிரிண்ட் போட்டு சைட் ஆபீஸ் சுவர்ல ஒட்டியாச்சு. செக் பண்ணித்தானே அனுப்புறீங்க?"

"நான்தான் செக்கர். கமலவல்லி. மத்தியானம் வந்ததை நான் பார்க்கலைம்மா. என் பேர் மட்டும் வந்தது. இப்ப வந்திருக்கிறதை நான் பார்த்தேன்."

பானுப்ரியா குறுக்கிட்டாள். "பார்க்காம பேர் எப்படி வந்தது?"

மார்ட்டினின் கண்கள் மேஜைக்குத் தாழ்ந்தன. கமலவல்லி அவரைப் பார்க்கவில்லை.

"வரக்கூடாது. வந்துடுத்து. எங்க தப்பு. எப்படி வந்ததுன்னு விவரமா மெயில் வரும். முதல்ல எட்டாம் ஷீட்டை எடுத்துப் பாருங்கோ. முப்பத்தொண்ணு எதைக் காட்டறது, லிஸ்ட்ல முப்பத்தொண்ணு எது, ரெண்டையும் எனக்குப் படிச்சுச் சொல்லுங்கோ."

காகிதம் புரளும் ஓசை. "முப்பத்தொண்ணு... டிரான்ஸ்போர்ட் பின்" என்று அவள் முணுமுணுத்தாள். மறுபடி பேசியபோது அந்தப் பெண்ணின் குரலில் அதட்டல் இல்லை.

"நாளைக்கு டெஸ்ட் வேணாம். நான் திங்கட்கிழமை நேர்ல வரேன். நீங்க அங்க இருப்பீங்களா?"

திங்கட்கிழமை இந்த நாற்காலி தனக்கு உண்டா என்பது கமலவல்லிக்குத் தெரியாது.

"இருப்பேன்" என்றாள். "பட்டறையில இருப்பேன், ஆபீஸ்ல இருக்க விடலைன்னா வாசல்ல இருப்பேன். இப்பப் போனை வெச்சுடாதீங்கோ. சுவர்ல ஒட்டினதைக் கிழிக்கணும்."

"கிழிச்சிடறேன் மேடம்."

"இப்பவே. அந்தச் சத்தம் எனக்குக் கேட்கணும்."

மறுமுனையில் ஒரு நாற்காலி பின்னுக்குத் தள்ளப்பட்டது. காலடிகள். பசை விடாத காகிதம் சுவரிலிருந்து உரியும் ஓசை; பிறகு, நீளவாக்கில், தெளிவாக, ஒரு பெரிய தாள் இரண்டாகக் கிழிபட்டது.

"ஒண்ணு" என்றாள் கமலவல்லி. "இன்னும் எட்டு இருக்கு."